மற்றவை

ஐப்பசி மழை விட்ட மறுநாள்
உசிலம்பட்டி ரோட்டிலிருந்து வெள்ளக்கரட்டுக்குப் பிரிகிற
வண்டிப்பாதை முனையில்
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பரீட்சை அட்டை, இரண்டு பேனா.
காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை
போவதை வருவதை எண்ண
தினக்கூலிக்கு வந்தவன் நான்.

தாளில் கட்டங்கள் இருந்தன.
பேருந்து, லாரி, கார், டிராக்டர், இருசக்கரம், மிதிவண்டி.
ஓரத்தில் ஒடுங்கிப்போய், மற்றவை.

டிராக்டர் ஒன்று வந்தது.
ஓடைப் பள்ளம்வரை போய், தயங்கி,
பின்னாலேயே திரும்பிவிட்டது.
அதை ஒன்று என்பதா, இரண்டு என்பதா,
போகவே இல்லை என்பதா?

பால்கேன் கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார் பின்னத்தேவன்.
மிதிவண்டியில் ஒரு கோடு போட்டேன்.
எட்டிப் பார்த்தவர்
"மிதிச்சாத்தானப்பா மிதிவண்டி,
சேறு கெடக்கையில இதுவும் ஒரு சொமை" என்றார்.
அழித்தேன்.

பள்ளிப் பிள்ளைகள் பதினேழு பேர்
கையில் செருப்போடு வந்து
ரோட்டுக் குழாயில் முழங்கால்வரை கழுவிக்கொண்டு
பஸ் ஏறினார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானம்
காலனி முத்துராக்கு வீட்டுக்கு
நாலு பேர் தோளில், மூங்கிலில் தொங்கியபடி,
ஒரு ஃபிரிட்ஜ் போனது.
பல்லக்குக்கு என்னிடம் கட்டமில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம்
உதவிப் பொறியாளர் ஜெரினா கூட்டிப் பார்த்தார்.
பேருந்து பூஜ்யம். லாரி பூஜ்யம். கார் பூஜ்யம்.
"வண்டியே போகாத பாதைக்கு ரோடு எதுக்குன்னு
ஃபைல் திரும்பி வரும்."
ரோடு இல்லாமல் வண்டி எப்படிப் போகும் என்று
நான் கேட்கவில்லை.
அவரும் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான்
டயர் கடைக்குப் பின்னால்
கட்டப்புளியின் தகரக் கொட்டகை கண்ணில் பட்டது.
மழைக்காலம் முழுக்க, ராத்திரிக்கு ஐந்து ரூபாய்.
முப்பத்தெட்டு பைக், மூன்று ஆட்டோ,
தார்ப்பாய் போர்த்திய குட்டியானை ஒன்று.
எல்லாமே வெள்ளக்கரட்டு வண்டிகள்.
கட்டப்புளியின் நாற்பது பக்க நோட்டை வாங்கி
நம்பர் நம்பராக ஏற்றினோம்.
"போகலைன்னு எழுதாதீங்க,
போக முடியாம நிக்குதுன்னு எழுதுங்க" என்றார் ஜெரினா.
டீ வாங்கித் தந்த கட்டப்புளி
மெதுவாகக் கேட்டார்:
"ரோடு வந்துட்டா என் பொழப்பு மேடம்?"

கோப்பு மதுரைக்குப் போனது.
அங்கிருந்து சென்னைக்கு.
ஒரு தேர்தல் குறுக்கே வந்தது.
ஜல்லி விலை ஏறி, எஸ்டிமேட்டைத் திருத்தி,
திருத்தியதற்குள் தார் விலை ஏறியது.
இரண்டு கிலோமீட்டர் நானூறுக்குக் கேட்டோம்.
ஒன்று எண்ணூறுக்கு வந்தது.

ஊர் மந்தையைத் தாண்டியதும்
ரோட்டின் குறுக்கே ஒரு சுண்ணாம்புக் கோடு.
அதற்கப்பால் அறுநூறு மீட்டர் கருவேலமுள்.
அதற்கும் அப்பால் காலனி.
நாடாவுக்கு ஆள் தெரியாது என்றார் கான்ட்ராக்டர்.
வாஸ்தவம்.
எந்த முனையிலிருந்து பிடிப்பது என்பது மட்டும்
பிடிப்பவனுக்குத் தெரியும்.

இப்போது பின்னத்தேவன் ஏறி மிதிக்கிறார்.
ஆளில்லாத இடத்திலும் பெல் அடிக்கிறார்.
சொசைட்டியில் பால் திரும்புவதில்லை.

கட்டப்புளியின் கொட்டகை
சுண்ணாம்புக் கோட்டுக்குப் பக்கத்தில் இடம் மாறியிருக்கிறது.
அதே தகரம், அதே ஐந்து ரூபாய், புது நோட்டு.
ஒன்பது வண்டி, எல்லாம் காலனிக்காரர்களுடையது.

நாளைக் காலை ஆறு மணிக்கு
என்னையும் அங்கே உட்காரச் சொல்லியிருக்கிறார் ஜெரினா.
நாற்காலிக்கு ஒரு கால் ஆடுகிறது,
கல் வைத்துக்கொள்ளலாம்.
தாளை நானே கோடு போட்டுக்கொண்டிருக்கிறேன்,
மற்றவைக்குக்
கொஞ்சம் அகலம் விட்டு.